இடப்பக்க இருக்கை

ஜூன் ஒன்பதாம் தேதி பகல், விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையில் இறங்கிய பயணிகள் விமானத்தில், இடப்பக்க இருக்கையில் இருந்த கேப்டன் இறந்திருந்தார். வலப்பக்கத்தில் இருந்த துணை விமானி விமானத்தைப் பத்திரமாக இறக்கியிருந்தாள்.

நான்காம் நாள் பிற்பகல், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பறந்த மணி நேரங்களைப் பதியும் லாக்புக்கைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தபோது, இடப்பக்க நாற்காலி வெளியே இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"யாராச்சும் வராங்களா?" என்றான் கணவன், பையை எடுத்துக்கொண்டே.

"நீங்க இழுக்கலையா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாரு." மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிப் போனான்.

துணை விமானி பறக்கும் மணி நேரம் துணை விமானிக்கான கட்டத்தில்தான் ஏறும். கேப்டனின் வேலை முழுவதையும், கேப்டனின் கண் முன்னால், அவள் செய்தால் மட்டும் அதைக் கேப்டன் கட்டத்தில் எழுதலாம். வரியின் கடைசியில் அவர் கையெழுத்து வேண்டும். பதவி உயர்வுக்கு அவளுக்கு அப்படி ஒரே ஒரு பயணம் பாக்கியிருந்தது. ஒன்பதாம் தேதி காலை அவர் புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னிக்கு நீதாம்மா கேப்டன். நான் வெறும் பிரயாணி. தப்பு பண்ணா மட்டும்தான் வாயத் திறப்பேன்."

பாதி வழியில் அவர் தலை சரிந்தது. ஹெட்செட்டில் நீண்ட குறட்டை போல ஒன்று கேட்டு, நின்றது. கீழே பக்கத்திலேயே ஒரு விமான நிலையம் இருந்தது. அங்கே இறங்கினால் இந்தப் பயணம் கணக்கில் வராது. தூங்குகிறார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, அந்த ஊரைத் தாண்டிப் பறந்தாள். ஓடுபாதை தெரிந்த பிறகுதான் வானொலியில் சொன்னாள்.

இந்த நான்காம் நாள் காலையில் நிறுவனத்தின் பயிற்சித் தலைவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். "அவர் கிளம்பறதுக்கு முன்னாடியே கையெழுத்து போட்டுக் கொடுத்துடற ஆளாச்சே. போடலைன்னா, எப்போ போனார்னு பார்த்து, அதுவரைக்கும் கேப்டன் கட்டத்துல, மிச்சம் துணை விமானி கட்டத்துலன்னு வரியப் பிரிச்சு எழுதிட்டு வாம்மா."

கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது.

ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. வெயில் திரைச்சீலை வழியாக வடிந்து மேசையின் பாதியில் நின்றது. மறுபாதியின் நிழலிலிருந்து புதினா வாசனை, முதலில் தொலைவில் யாரோ மென்றது போலவும், பிறகு மிக அருகில், வெதுவெதுப்பாகவும் வந்தது. ஃபிரிட்ஜ் நின்றது. அதன் உறுமலுக்கடியில் இத்தனை நேரம் இன்னொரு சத்தம் இருந்தது புரிந்தது. மூச்சு. ஹெட்செட்டில் கேட்பது போன்ற மூச்சு. இடது காதில் மட்டும்.

அவள் திரும்பவில்லை. பேனாவை எடுத்தாள். ஓடுபாதை தெரிந்த நேரத்தை எழுதிவிட்டால் போதும். அப்போதுதான் போனார். அப்போதுதான்.

முதல் எண்ணை எழுதினாள்.

நாற்காலி கிரீச்சிட்டது.

ஓரக்கண்ணில் வெள்ளைச் சட்டை. தோள்பட்டையில் கேப்டனின் நான்கு பட்டைகள். சரிந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

வாய் திறந்தது.

இன்னும் திறந்தது. தாடை மார்பைத் தொட்டது. உள்ளே கரையாத மிட்டாய். அந்தக் குறட்டை, விட்ட இடத்திலிருந்து, தொடங்கியது.

குளிர்ந்த கை ஒன்று அவள் கையின் மேல் படிந்தது. பேனா நகர்ந்தது.

கணவனும் மகளும் வந்தபோது அவள் லாக்புக்கை மூடி, அதன் மேல் இரு கைகளையும் வைத்திருந்தாள். மகள், "மிட்டாய் வாசனை வருதே, எனக்கு எங்கே?" என்று கேட்டாள்.

எழுதிய எண் அடிக்கப்பட்டிருந்தது. வரியின் கடைசியில் அவருடைய நீண்ட வாலுள்ள கையெழுத்து இருந்தது. பயிற்சி அலுவலகம் மறுநாள் அந்த மணி நேரங்களை ஏற்றுக்கொண்டது.

அடுத்த மாதம் கேப்டனாக முதல் பயணத்துக்கு அவள் விமானி அறைக்குள் நுழைந்தாள். இடப்பக்க இருக்கை காலியாக இருந்தது. அதன் பெல்ட் பூட்டியிருந்தது. பூட்டிய பெல்ட் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்துகொண்டிருந்தது.

விமானம் குறித்த நேரத்தில் புறப்பட்டது.