பின்சக்கரத்தில் யார் கை?

கொல்லிமலை இறக்கத்தில் ஷைனியின் பின்சக்கரம் செத்தது.

அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. கோவைக்காரி தாரிணி இரண்டு வளைவு பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு முள். 'சுருக்' என்றது. அடுத்த நொடி 'உஸ்ஸ்ஸ்' என்று காற்று முழுவதும் வெளியேறி, சக்கர விளிம்பு கல்லில் மோதியது. ஷைனி குதித்து இறங்கினாள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். தாரிணி அவளைக் கடந்தாள். பின்னாலேயே பிரீதா வந்தாள்.

"ஓடாதடீ, கால் போயிரும்!" என்று கத்திவிட்டு பிரீதாவும் மறைந்தாள்.

அக்கறையா, கிண்டலா? ஷைனிக்குத் தெரியவில்லை. தெரியாத எதையும் அவள் அந்த சீசனில் நம்பவில்லை.

நான்கு மலைகள், நான்கு பந்தயங்கள். ஏற்காடு, கொல்லிமலை, வால்பாறை, கடைசியாகத் தென்காசிக்கு மேலே கறுப்பாறை எஸ்டேட். புள்ளிக் கணக்கு எப்படி இருந்தாலும், கடைசிப் பந்தயத்தில் முதலில் வருபவளுக்கு மாநில அணியில் ஓர் இடம் உண்டு. ஒரே ஓர் இடம். ஷைனியின் அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "அணியில சேர்ந்தா ஓட்டு. இல்லேன்னா நர்சிங். பெறகு அழப்படாது."

குலசேகரத்திலிருந்து கிளம்பிய கூட்டம் மூன்றே பேர். ஷைனி, பக்கத்துத் தோட்டத்துப் பிரீதா, இருவருக்கும் மெக்கானிக்காக ஷைனியின் மாமா மகன் ஸ்டெபின். மூவரும் ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். அதனால் அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. மலைச் சைக்கிளின் டயருக்குள் டியூப் கிடையாது. பதிலாகக் கொஞ்சம் திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தினால் திரவம் ஓட்டைக்கு ஓடிவந்து, இறுகி, அடைத்துக்கொள்ளும். மற்ற அணிகள் வெளிநாட்டுப் புட்டி வாங்கின. ஸ்டெபின் வீட்டு ரப்பர் பாலிலேயே, உறையாமல் இருக்க அம்மோனியா கலந்து, துணியில் வடித்து, ஒரு கேனில் கொண்டு வந்தான். அருமையாக வேலை செய்தது.

பிரீதாவின் டயரில் மட்டும்!

கொல்லிமலை முடிந்ததும் ஸ்டெபின் பிரீதாவின் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினான். முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. அத்தனை முள்ளையும் பால் அடைத்திருந்தது. ஷைனியின் டயரில் இருந்தது ஒரே ஒரு முள். வீட்டுக்கு வந்து டயரைக் கழற்றினால் உள்ளே பால் இல்லை. காய்ந்த ரப்பர் துணுக்குகள் மட்டும் கிடந்தன.

"ஓட்டை வழியா எல்லாம் போயிருக்கும்" என்றான் ஸ்டெபின்.

"அதே கேன், அதே பால், அதே பாதை. எனக்கு மட்டும் போவுமா?"

"அதிர்ஷ்டம் இல்ல போல."

ஷைனி அதிர்ஷ்டத்தை நம்புகிறவள் இல்லை. ஏற்காட்டில் அவள் டயரைக் கல் கிழித்தது. அதைக் கல்லின் குற்றம் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்று காலை, பந்தயத்துக்கு முன், சைக்கிள்கள் நின்ற கொட்டகையில் பிரீதா தனியாக உட்கார்ந்து ஷைனியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஷைனி வருவதைக் கண்டதும் சட்டென்று எழுந்துவிட்டாள். கையைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டாள்.

"என்னடீ செய்யுற?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாத்தேன்."

சும்மா யாராவது சக்கரத்தைப் பார்ப்பார்களா?

அதிலிருந்து ஷைனி தன் காவலைத் தானே ஏற்றாள். ஸ்டெபின் பால் ஊற்றி முடித்ததும், யாரும் பார்க்காத நேரத்தில் கேனிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்து, வால்வைத் திறந்து, தன் கையால் ஊற்றிக்கொள்வாள். யாராவது பாலை வடித்திருந்தாலும் இது ஈடு செய்யும். அதற்காக அப்பாவின் ரப்பர் ஷீட்டுக் கொட்டகையிலிருந்து மூக்கு நீண்ட பிளாஸ்டிக் குப்பி ஒன்றை எடுத்து வந்தாள். மூக்கு வால்வுக்குள் கச்சிதமாக நுழைந்தது. பந்தயம் முடிந்ததும் அப்பா தேடுவதற்குள் குப்பியைத் திரும்ப வைத்துவிடுவாள்.

யாருக்கும் சொல்லவில்லை. அப்படியும் கொல்லிமலையில் டயர் செத்தது. வால்பாறைக்குப் போனபோது அவள் இன்னும் உஷாரானாள். சைக்கிளைத் தங்கும் அறைக்குள்ளேயே நிறுத்தி, ஒரு கயிற்றால் தன் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

பிரீதா விழுந்து விழுந்து சிரித்தாள். "எடீ, சைக்கிளுக்குத் தாலி கட்டியாச்சா? எங்களுக்குச் சாப்பாடு கிடையாதா?"

ஷைனி சிரிக்கவில்லை.

வால்பாறையிலும் டயர் செத்தது!

கறுப்பாறைக்கு வந்தபோது மூவருக்குள் பேச்சு குறைந்திருந்தது. தாரிணியின் அணி வெள்ளை வேனில் வந்திறங்கியது. அவர்களுடைய மெக்கானிக் சிரித்த முகத்தோடு வந்து, "பம்ப் வேணுமா தம்பி?" என்று ஸ்டெபினைக் கேட்டார். ஷைனி அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு பிரீதா அவரிடம் ஏதோ பேசுவதைப் பார்த்தாள். இரண்டையும் மனதில் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் மதியம் பாதையைப் பார்க்க அனுமதி உண்டு. ஷைனி வழக்கம்போல் ரகசியமாகப் பால் ஊற்றிவிட்டு, குப்பியை முதுகுப் பையில் ஒளித்துக்கொண்டாள். காட்டின் வாசலில் வனக்காவலர் நிறுத்தினார்.

"வெயில் சாயுறதுக்குள்ள வெளிய வந்துரணும். யானை தண்ணிக்கு இறங்குற வழி இது. ரிப்பன் கட்டின பாதைய விட்டு விலகாதீங்க!"

பிரீதா முன்னால், ஷைனி நடுவில், ஸ்டெபின் தன் ஓட்டைச் சைக்கிளில் கடைசியில். ஏலக்காய்த் தோட்டம் முடிந்ததும் காடு மூடிக்கொண்டது. வேர்கள் பாதையின் குறுக்கே கிடந்தன. சக்கரம் ஏறும்போதெல்லாம் வழுக்கியது. ஓடையில் இறங்கி ஏறினால் காலெல்லாம் அட்டை. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ரிப்பன் இல்லை. கிழிந்த நுனி மட்டும் ஒரு கிளையில் ஆடியது.

"வலது" என்றாள் பிரீதா.

"எப்பிடித் தெரியும்?"

"டயர் தடம் இருக்குல்லா. கண்ணு எங்க போச்சு?"

ஷைனி தடத்தைப் பார்க்கவில்லை. பிரீதாவின் முகத்தைப் பார்த்தாள். ரிப்பனை யார் கிழித்தது? முன்னால் போனவள் இவள்தானே? நாளைக்குத் தவறான வழியைப் பழகிக்கொண்டு போகட்டும் என்று நினைக்கிறாளா?

"நான் இடது" என்று பெடலை மிதித்தாள்.

"ஷைனி! நில்லு டீ!"

நிற்கவில்லை. இடது வழி செங்குத்தாக இறங்கி மூங்கில் காட்டுக்குள் நுழைந்தது. மூங்கில்கள் முறிந்து கிடந்தன. நடுவில் பச்சையாக, ஆவி பறக்கும் யானைச் சாணம்! பிரேக் பிடித்தாள். அதே கணம் மூங்கில் முள் ஒன்று பின்சக்கரத்தில் ஏறியது.

'உஸ்ஸ்ஸ்...'

பின்னால் மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஸ்டெபின் சாணத்தைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

"சத்தம் போடாதீங்க. டயரைக் கழத்துறேன், அவசரத்துக்கு வச்சிருக்குற டியூப் போட்டுட்டு ஓடிரலாம். மேட்டுல தள்ளிக்கிட்டு ஓட முடியாது."

சக்கரத்தைக் கழற்றி, டயரை விளிம்பிலிருந்து நெம்பியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உள்ளே பால் இல்லை. கோழிமுட்டை அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி, ஈரம் காயாமல், கொழகொழவென்று கிடந்தது. எடுத்து மோந்து பார்த்தான். முகம் சுளித்தது.

"ஆசிட்."

மூவருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர்கள் ஊரில் தினமும் காலையில் நடப்பதுதான். மரத்திலிருந்து இறக்கிய பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் தண்ணீர் கலந்தால் பால் உறையும். உறைந்ததை உருளையில் கொடுத்து ஷீட்டு அடிப்பார்கள். உறைந்த பால் எந்த ஓட்டையையும் அடைக்காது.

"யாரோ உள்ள ஆசிட் விட்டிருக்கான்" என்றான் ஸ்டெபின்.

ஷைனி பிரீதாவை நோக்கித் திரும்பினாள். மூன்று பந்தயங்களாகத் தேக்கிவைத்த சொல் வெளியே வந்தது.

"நீதான்."

"என்னது?"

"ஒங்க வீட்டுலதான் ஆசிட் இருக்கு. ஏற்காட்டுல என் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நீதான். ஒரே ஒரு இடம். நான் விழுந்தா ஒனக்கு!"

பிரீதாவின் கண்கள் சிவந்தன. கத்தவில்லை. "ஒங்க வீட்டுல ஆசிட் இல்லியா? நாடு பூரா ஆசிட்டு. ஏற்காட்டுல ஒன் பின்சக்கரத்து அச்சாணி லூசா கிடந்தது. நான் முறுக்கினேன். ஸ்டெபின் அண்ணன் மறந்திருக்காரு, சொன்னா நீ அவரைக் கொன்னுருப்ப. அதான் ஸ்பேனரை மறைச்சேன்."

ஸ்டெபின் தலையைக் குனிந்தான். "அய்யோ. மறந்துட்டேன்தான்."

மூங்கில் 'படார்' என்று முறிந்தது. மிக அருகில்.

ஷைனியின் கை தானாகப் பையைத் தடவியது. குப்பி விலாவில் இடித்தது. அப்பாவின் கொட்டகையில் அந்தக் குப்பி எதற்கு இருக்கிறது? அவள் மெதுவாக வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்தாள். மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

"இது..." என்றான் ஸ்டெபின்.

"அப்பா தட்டுல ஆசிட் விடுற குப்பி. நான்தான் ஒவ்வொரு தடவையும் இதுல பால் ஊத்தினேன். கழுவிட்டுத்தான் ஊத்தினேன்."

"மூக்குக்குள்ள கழுவினியா?"

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் குப்பி கொட்டகைக்குத் திரும்பியது. அப்பா அதில் மறுபடியும் ஆசிட் நிரப்பினார். ஒவ்வொரு முறையும் மூக்குக் குழாய்க்குள் தங்கியதை அவளே தன் டயருக்குள் செலுத்தினாள். காவல் காத்தவளின் கை!

"ரப்பர் வெட்டுறவன் மகளுக்கு இதுகூடத் தெரியல" என்றாள் பிரீதா. "வெளிய சொல்லாத, நாடு சிரிக்கும்."

புதர் விலகியது. முதலில் தும்பிக்கை, பிறகு நெற்றி. ஒற்றைக் கொம்பன்.

"ஓடு!"

டியூப் போட நேரமில்லை. ஷைனி முன்பக்கத்தையும் பிரீதா பின்பக்கத்தையும் பிடித்துச் சைக்கிளைத் தூக்கினார்கள். ஸ்டெபின் கழற்றிய சக்கரத்தைத் தன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, மற்ற இரண்டு சைக்கிள்களையும் இழுத்தான். மேடு செங்குத்து. மண் சரிந்தது. பின்னால் பிளிறல் முதுகெலும்பைத் தொட்டது. பிரீதாவின் கால் வழுக்கியது. ஆனால் கை விடவில்லை. பாதை பிரிந்த இடத்துக்கு ஏறி வந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். யானை மேட்டடியிலேயே நின்று மூங்கிலைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு இவர்கள்மேல் எந்தச் சந்தேகமும் இல்லை.

"பிரீதா" என்றாள் ஷைனி, மூச்சிரைக்க. "தப்புதான்."

"தெரியும். நாளைக்கு வழி விட மாட்டேன், கேட்டியா?"

"விடாத."

அன்று மாலை டயரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். "நீயே ஊத்து" என்று கேனையும் அளவுக் கிண்ணத்தையும் பிரீதாவிடம் நீட்டினாள் ஷைனி. ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறவள் ஊற்றும் பால். ஷைனி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு மலையேற்றத்தைவிடக் கடினமாக இருந்தது.

காலையில் விசில் ஊதியது. முதல் சுற்றிலேயே தாரிணி, ஷைனி, பிரீதா மூவரும் மற்றவர்களிடமிருந்து பிரிந்துவிட்டார்கள். ஏலக்காய்த் தோட்டம், வேர்ப்பாதை, ஓடை, மறுபடி ஏற்றம். இரண்டாம் சுற்றில் பிரீதா கொஞ்சம் பின்தங்கினாள். கடைசிச் சுற்றின் உச்சியில் தாரிணி ஷைனிக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னால். இனி இறக்கம் மட்டும்தான்.

'சுருக்!'

'உஸ்ஸ்ஸ்...'

நிற்கலாம். இறங்கிப் பார்க்கலாம். பந்தயம் முடிந்துவிடும். நிற்காமல் இறக்கத்தில் விட்டு டயர் காலியானால் பாறையில் தலை மோதும். ஊற்றினது யார்? பிரீதா. எவ்வளவு ஊற்றினாள்? பார்க்கவில்லை. உண்மையிலேயே ஊற்றினாளா? பழைய குரல் காதுக்குள் கத்தியது. ஸ்டெபின் சொன்னதும் நினைவுக்கு வந்தது: "சத்தம் கேட்டா நிக்காத. சக்கரம் சுத்தினாத்தான் பால் ஓட்டைக்குப் போவும்."

பெடலை ஓங்கி மிதித்தாள்.

கெண்டைக்காலில் ஈரமாக ஏதோ தெறித்தது. குனிந்து பார்த்தாள். வெள்ளைப் புள்ளிகள். 'உஸ்ஸ்' என்ற சத்தம் 'உஸ்' ஆனது. பிறகு காற்றுச் சத்தமும் செயின் சத்தமும் மட்டும்.

அடைத்துவிட்டது!

ஷைனி பிரேக்கிலிருந்து விரலை எடுத்தாள். பாறைப் படிகளில் தாரிணி வேகம் குறைத்தாள். ஷைனி குறைக்கவில்லை. இருவரின் கைப்பிடிகளும் உரசின. கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து, புழுதியும் சேறுமாகக் கோட்டைத் தாண்டினாள். முதலாவதாக!

தாரிணி வந்து கை கொடுத்தாள். "உன் டயர் ஊதறது எனக்குக் கேட்டுச்சு. செத்துட்டேன்னு நினைச்சேன்."

"நானும்" என்றாள் ஷைனி.

மூன்றாவதாக வந்த பிரீதா சைக்கிளோடு தரையில் சாய்ந்தாள். ஷைனியின் காலில் இருந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"நான் ஊத்தின பால்ல நீ ஜெயிச்சிருக்க. பேசாம பாதி தண்ணி கலந்திருக்கணும் நான்" என்றாள். குரலில் வருத்தம் இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. ஷைனியும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரே இடம்தான். அடுத்த சீசன் வரும்.

குலசேகரம் திரும்பியதும் ஷைனி குப்பியை அப்பாவிடம் நேராகக் கொடுத்து நடந்ததைச் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அதன் மேல் சிவப்பு பெயின்ட்டில் பட்டையாக ஒரு கோடு போட்டார். அம்மா சிரிக்கவில்லை. "ஒரு வருசம்தான்" என்றார். ஷைனிக்கு அது போதும்.

மறுநாள் வெளிச்சத்தில் சக்கரத்தைத் துடைக்க மூவரும் முற்றத்தில் கூடினார்கள். முள் இன்னும் டயரில் இருந்தது. ஷைனி சக்கரத்தை அச்சோடு கழற்றி பிரீதாவிடம் நீட்டினாள்.

"பிடிச்சுக்க. டீ எடுத்துட்டு வாறேன்."

உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.