ஆறாத ஜாடி

மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயரப் போன நேரத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. டிங். முன்னறைக் கண்ணாடி அலமாரிக்குள்ளிருந்து, மெல்லிய கம்பியை யாரோ சுண்டிவிட்டதுபோல.

பீங்கானில் செயற்கைப் பல் செய்து ஓய்வுபெற்ற அவருக்கு அதன் பாஷை அத்துப்படி. சூளையிலிருந்து இறக்கிய பாத்திரம் ஆறும்போது, மேலே கண்ணாடிபோல் உருகிப் படிந்த மெருகில் மயிரிழை விரிசல் ஓடும். ஓடும்போது அப்படித்தான் மணியடிக்கும். ஆனால் அவர் சேர்த்து வைத்திருந்தவை எல்லாம் பழைய சீனப் பீங்கான்கள். பூவேலை, சித்திரம் எதுவுமின்றி ஆளுக்கொரு நிறம் மட்டும் பூசிக்கொண்டவை. முந்நூறு வருஷத்துக்கு முன்பே ஆறிப்போனவை.

மறுபடி டிங். போன வாரம் வாங்கிய பாசிப்பச்சை ஜாடி. தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் கண்ட நெற்றிபோல் வெதுவெதுத்தது.

"வெயில் பட்டிருக்கும்," என்றாள் மனைவி, சோபாவில் படுத்தபடியே. "என் கைய என்னிக்காவது இப்படித் தடவியிருக்கீங்களா?"

சிரித்து வைத்தார். அந்த அறைக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே இல்லை.

நான்கு நாளில் ஜாடியை வெறுங்கையால் தூக்க முடியவில்லை. ஈரச் சாம்பலும் கருகிய மயிரும் கலந்த வாடை அலமாரியை விட்டு இறங்கி, திரைச்சீலைகளில் ஏறி, அவர் பிசைந்த சோற்றில்கூட மணத்தது. மனைவிக்கு அந்த வாடையே தெரியவில்லை. அவளுக்குக் குளிரெடுத்தது.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"முதல்ல அந்த ஜாடிய யாருக்காவது குடுத்துடுங்க. அது வந்ததுலேர்ந்துதான் இப்படி."

"நாளைக்குக் குடுத்துடறேன்."

மறுநாளும் அதையேதான் சொன்னார். விரிசல் கூடக்கூட அந்தப் பச்சைக்கு அப்படியொரு ஆழம் வந்துகொண்டிருந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

ஆறாம் நாள் சத்தம் நின்றது. தொட்டார். சில்லென்றிருந்தது. அப்பாடா என்று அலமாரியைச் சாத்தினார்.

வாடை மட்டும் போகவில்லை. படுக்கையறைப் பக்கம்தான் அதிகம்.

கதவைத் தள்ளினார். போர்வைக்குள், சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். தோளைத் தொட்டார். சுட்டது. கல்போல் கடினம். வழவழப்பு.

"ஏங்க." குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல். "ரொம்பக் குளிருதுங்க."

மெல்லத் திருப்பினார்.

நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரே பச்சை. கண்ணில்லை. மூக்கில்லை. வாயில்லை. எல்லாவற்றையும் மூடி வழிந்த மெருகு, கழுத்தோரம் தடித்து, ஒரு துளியாய் உறைந்து நின்றது.

உள்ளேயிருந்து அவள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.