இந்தா

ஃபோனோகிராஃப் குழலின் வாயை மூடியிருந்த துணி, வாய்க்கு நேரே மட்டும் ஈரமாக இருந்தது. வட்டமாக, உள்ளங்கை அகலத்துக்கு. கூரையில் ஒழுக்கு இல்லை. ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். இருமல் மருந்தின் இனிப்பு. அதற்கு அடியில், வெகுநேரம் திறக்காத வாயின் வாடை.

துணியை மாற்றவில்லை. மாற்றினால் அதுவும் நனையும்.

அந்த ஃபோனோகிராஃப் அவள் கணவருடையது. மனுஷர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. குரல் மட்டும் போய்ச் சேரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இந்தா" என்பார், அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா, மூக்குக்கண்ணாடியைக் காணோமென்றாலும் இந்தா. எந்த மூலையில் எந்த வேலையில் இருந்தாலும் "இதோ வரேங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிடும். இரண்டாம் தரம் கூப்பிட வைத்தால் என்ன ஆகும் என்பது அவள் முதுகுக்குத் தெரியும்.

இப்போதும், பாத்திரம் கழுவி முடித்துக் குழாயை மூடிய மறுகணம், கூடத்திலிருந்து அந்தச் சொல் வருகிறது. குரலைப் பதிக்கும் மெழுகு உருளை அசையாது. சாவி கொடுக்க ஆளும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கையில் சொட்டும் தண்ணீரோடு அப்படியே நிற்பாள். பதில் சொல்லக் கூடாது. இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வேறு எதையாவது பேசப்போய் நாக்கு பழக்கத்தில் அதைச் சொல்லித் தொலைத்துவிடுமோ என்று, பாவம், தன் வீட்டுக்குள் அவள் வாயே திறப்பதில்லை. இந்தப் பெட்டி மட்டும் வாசலைத் தாண்டிவிட்டால் வாய்விட்டுப் பேசலாம். சுவரோடு பேசினாலும் சரி. அதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்படவில்லை.

பெட்டியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட, மத்தியானம் தம்பி கார் கொண்டு வந்தான்.

"என்னக்கா இந்தக் கனம் கனக்குது! மாமா உள்ளயே உக்காந்திருக்காரா?"

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குடா."

"நான் மூடிக்குவேன். அவரு மூடுவாரா?"

அருங்காட்சியகம் என்று பெயர்தானே தவிர, நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை. அந்துருண்டை வாசனை. வரிசையாக நின்று முறைக்கும் மீசைக்காரர்களின் படங்கள். தம்பி பெட்டியை மேசைமேல் இறக்கிவிட்டு, வாசலை அடைத்து நிற்கும் காரை நகர்த்தப் போனான். காப்பாளர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. இங்க இதுவரைக்கும் வந்ததெல்லாம் திறக்காத பூட்டு, தைக்காத மிஷின். இப்பத்தான் உருப்படியா ஒண்ணு வந்திருக்கு."

குழல்மேல் கிடந்த துணியை அப்படியே விட்டு, ஊசியைக் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, பேசுறதைப் பிடிக்கிற ஊசியில்ல மாட்டியிருக்கு! நாம பேசப் பேச மெழுகைச் சீவிச் சீவிப் பதியும்மா. சீவல் நூல் நூலா விழும். உங்க குரல் இதுல இருக்கா?"

"இல்லைங்க. மெழுகு வீணாப் போயிடும்னு சொல்லிட்டார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அலமாரியில் இடம் பண்ண அவர் முதுகைக் காட்டித் திரும்பினார். மேலே மின்விசிறி கரகரத்துச் சுற்றியது. வெளியே கார் பின்வாங்கும் சத்தம் தேய்ந்தது. பிறகு மின்விசிறியின் சத்தமும், யாரோ கதவைச் சாத்தியதுபோல, தூரமாகப் போனது.

"இந்தா."

காப்பாளர் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். "குடுங்க தம்பி."

கை காற்றில் நின்றது. திரும்பிப் பார்த்தார். "தம்பி குரல் கேட்டுதே?"

அவருக்கும் கேட்டிருக்கிறது. எல்லாம் மனப்பிராந்தி என்று இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த துரும்பும் போயிற்று.

துணி உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.

இருமல் மருந்து வாடை.

"இந்தா…"

இரண்டாம் தரம். இழுத்து. கை ஓங்குவதற்கு முன்னால் வருகிற இழுப்பு.

"இதோ வரேங்க."

சொன்னது நாக்கு. அவள் இல்லை. ஆனால் அந்தச் சொல் அவள் காதிலேயே விழவில்லை. உதடு அசைந்தது. தொண்டை அதிர்ந்தது. சத்தம் இல்லை.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியிலிருந்து பழுப்பாக ஒரு நூல், தலைமுடிபோல் சுருண்டு எழுந்தது.

"அட, சாவியே குடுக்கல, ஓடுது பாருங்க!" காப்பாளர் குழந்தைபோல் கைதட்டினார்.

நிறுத்துங்க என்றாள். நூல் ஒரு சாண் நீண்டது.

தம்பி என்று அலறினாள். இரண்டு சாண்.

தம்பி அலறல் கேட்டு வரவில்லை. சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு சாவகாசமாகத்தான் வந்தான். திறந்த வாயோடும், வழிகிற கண்ணோடும் அக்கா நிற்பதைப் பார்த்து அவன் முகம் இளகிவிட்டது. தோளை அணைத்துக்கொண்டான்.

"அழாதக்கா. மாமா கைபட்ட பொருளு. விட்டுட்டுப் போக மனசு வராதுதான்."

அழுகிற பெண்ணைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று காப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். மேசையில் குவிந்த மெழுகு நூலை உள்ளங்கையால் வழித்துக் கீழே இருந்த குப்பைக்கூடையில் தள்ளினார். மறுபடி வழித்தார். மறுபடி.

அவள் கத்தக் கத்தக் கூடை நிறைந்துகொண்டிருந்தது.