உள்ளிருந்து அடுக்கிய சுவர்

சுவரின் கரடான பக்கம் அவனைப் பார்த்து நின்றது.

அப்படி இருக்கக் கூடாது. கைவிடப்பட்ட அந்த நீலக்கல் சுரங்கத்தில் இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பார்க்கக் கம்பெனி அனுப்பிய ஆய்வாளன் அவன். பழைய ஆட்கள் கழிவுக் கல்லை மேலே சுமந்து போவதில்லை. தோண்டி முடித்த பொந்துகளின் வாயில் சுவராக அடுக்கி அடைத்துவிடுவார்கள். அடுக்குகிறவன் நிற்கும் பக்கம் மட்டமாக இருக்கும். சந்துகளில் சில்லு வைத்துச் சுத்தியலால் இறுக்கியிருப்பான். மறுபக்கம் முண்டும் முடிச்சுமாகக் கிடக்கும். இதுவரை அவன் பார்த்த சுவர்கள் எல்லாமே மட்டமானவை. இது ஒன்றுதான் முண்டு முண்டாக நின்றது.

ஈரமண்ணில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வாக்கிடாக்கியை எடுத்தான். மேலே, குழிவாயில், இழுவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மச்சினன் இருந்தான். மனைவியின் தம்பி. அவனை இந்த வேலைக்கு இழுத்துவந்தவனும் இந்த மச்சினன்தான்.

"மாப்ளே, இங்க ஒரு சுவர். உள்ள நின்னு அடுக்கியிருக்காங்க."

"உள்ள நின்னு அடைச்சா அப்புறம் எப்படி வெளிய வந்தானுங்க?"

"வேற வழி இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும் அத்தான். ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு ஏறி வாங்க. எம்புருஷனக் கூட்டிட்டுப் போயி குழியில போட்டுட்டியேன்னு அக்கா என்னத்தான் வையுது."

அவனுக்கும் ஆசைதான். இதுதான் கடைசிப் பொந்து. இதைப் பார்த்து முடித்தால் இருவரும் வீட்டுக்குப் போகலாம். பார்க்காமல் விட்டால் கம்பெனி கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும். இன்னொரு தடவை இறங்க உடம்பில் தெம்பில்லை.

கடப்பாரையால் நெம்பி, கற்களை உள்பக்கமாகத் தள்ளினான். ஒவ்வொன்றும் உருண்டு தூரத்தில் போய் நின்றது. ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்ததும் குப்புறப் படுத்து ஊர்ந்தான். பல காலம் மூடிக் கிடந்த இடத்தின் பூஞ்சை நாற்றத்துக்கு மூக்கைத் தயாராக வைத்திருந்தான். ஆனால் நாலைந்து பேர் நெருக்கியடித்துத் தூங்கி எழுந்த அறையைப் போல வெதுவெதுப்பும் வியர்வை வாடையும்தான் முகத்தில் அடித்தன.

தலைவிளக்கைச் சுற்றிலும் ஓட்டினான். சின்ன அறை. வேறு வழி இல்லை. எலும்பு இல்லை, துணி இல்லை, உடைந்த சுத்தியல்கூட இல்லை. எதிர்ப்பாறையில் கட்டைவிரல் தடிமனுக்கு நீலம் ஓடியது. யாரும் தொட்டுப் பார்க்காத நீலம்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். அவனுக்குக் கொட்டாவி வந்தது. அது முடிவதற்குள் விஷயம் உறைத்தது. இத்தனை நீலக்கல்லை விட்டுவிட்டு உள்ளே நின்று அடைத்திருக்கிறார்கள் என்றால், கல் அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. வெளியே இருந்த எதற்கோ பயந்திருக்கிறார்கள். வெளியே என்றால் அந்தச் சுரங்கப்பாதை. இத்தனை நாளும் இருட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவன் சாப்பிட்ட பாதை.

அங்கே ஏதோ நகர்ந்தது.

சரளைக் கல்லில் இழுத்து வைக்கும் அடி. நின்றது. மறுபடி இழுத்தது. கீழே அவனைத் தவிர யாரும் இல்லை. வாக்கிடாக்கியை அழுத்தினான். வெறும் இரைச்சல். சுவரைத் தாண்டி உள்ளே வந்ததும் அது எடுக்கவில்லை.

விளக்கை அணைத்தான். அடைக்கத் தொடங்கினான்.

இருட்டில் தடவித் தடவி அடுக்கினான். முழங்கால் எரிந்தது. கையைப் பின்னால் நீட்டினால் கல் கிடைத்தது. வைத்தான். நீட்டினான். கிடைத்தது. அகலக் கல் தேவைப்பட்ட இடத்துக்கு அகலக் கல். சில்லு தேவைப்பட்ட இடத்துக்குச் சில்லு. வேலை ஓடியது. அடிச்சத்தம் நெருங்கியது. இடுப்பளவு. மார்பளவு. கையகலத் துளை மட்டும் மிச்சம்.

துளையில் வெளிச்சம் விழுந்தது.

"அத்தான்?"

மூச்சு வாங்கும் குரல். மச்சினன்தான்.

"பேச்சே காணோமேன்னு ஏணியில இறங்கி வந்தேன். பாதி வழியில கால் பிசகிடுச்சு. என்ன பண்றீங்க? எதுக்கு அடைக்கிறீங்க?"

அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஒண்ணுமில்ல மாப்ளே. பயந்துட்டேன். வெளியேர்ந்து பிரி."

"நகருங்க. கல்லு உங்க மேல விழப்போவுது."

நகர முடியவில்லை. துளை வழியே வந்த வெளிச்சம் அவன் தோளைத் தாண்டித் தரையில் விழுந்திருந்தது. திரும்பாமல், கடைக்கண்ணால் பார்த்தான். எட்டும் தூரத்தில் ஒரு கல்கூட இல்லை. அவன் தள்ளியவற்றில் மிஞ்சியவை அறையின் கோடியில், உருண்டு நின்ற இடத்திலேயே கிடந்தன.

கை மட்டும் பழக்கத்தில் பின்னால் நீண்டு விரிந்திருந்தது.

"அத்தான், உங்க பின்னால யாரு?"

உள்ளங்கையில் ஒரு கல் வைக்கப்பட்டது. மெதுவாக. துளைக்குச் சரியான அளவு. அவன் விரல்களின் மேல் வெதுவெதுப்பான இன்னொரு கை மூடியது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. எல்லாமாகச் சேர்ந்து அவன் கையைத் துளையை நோக்கி உயர்த்தின.