குப்புறக் கிடந்தவர்கள்

சூளையிலிருந்து வந்த ஜாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கூய்லான் கவனித்தாள். அதன் ஓவியத்தில் செத்துக் கிடந்தவர்களில் ஒருவன் திரும்பிப் படுத்திருந்தான்.

தளபதி நியே தன் வெற்றியின் நினைவாகச் செய்யச் சொன்ன ஜாடி அது. இடுப்பளவு உயரம். கழுத்தைச் சுற்றி நீண்ட ஆயுளுக்குப் பீச் பழங்கள், நற்பேறுக்குச் சிவப்பு வௌவால்கள். கீழே பழங்கால உடுப்பில் குதிரை வீரர்கள், வெட்டும் குத்துமாக ஒரு போர்க்களம். பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென்னில் ஒரே ஜாடியில் ஆளுக்கொரு வேலை. உடம்பும் உடுப்பும் மற்றவர்கள் பாடு. முகங்கள் மட்டும் கூய்லானுடையவை, எழுத்து அவள் கணவன் ஹான்ஷெங்குடையது. செத்தவனுக்கு முகம் வரைகிற வழக்கம் அந்தப் பட்டறையில் கிடையாது. குப்புறப் போட்டுவிடுவார்கள். கூடத்தில் வைக்கிற பொருளில் யார்தான் பிணத்தின் முகத்தில் விழிக்க விரும்புவார்கள்?

இவனுக்கு முகம் இருந்தது. வாய் பிளந்து, கண் செருகி, சூளைக்கு விறகு சுமக்கிற கிழவர் தூவின் முகம், அச்சு அசலாக.

"ஏங்க, இதை யாரு வரைஞ்சது?"

ஹான்ஷெங் எட்டிப் பார்த்தான். "உன் கைதான். வேற யாரு வரைஞ்சாலும் மூக்கு கோணிக்குமே."

"விளையாடாதீங்க. நான் வரையல."

அவன் சிரிப்பு நின்றது. ஜாடியை மெல்லச் சாய்த்து அடிப்பாகத்தைக் காட்டினான். எந்த ஆண்டு செய்தது என்று முத்திரை எழுத வேண்டிய இடத்தில், அவனுடைய அழகான சிவப்பு எழுத்தில் வேறொன்று இருந்தது. 'ஷாங்தான் ஊரார் செய்தது.'

ஷாங்தான் அவன் பிறந்த ஊர். நாலு பக்கமும் வழியை அடைத்து அந்த ஊரை ஆட்களோடு கொளுத்தியதைத்தான் தளபதி வெற்றி என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"செத்தவங்க செஞ்சதுன்னா எழுதினீங்க? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"அந்த நாய் ஜாடியைக் கவுத்தா பாக்கப்போறான்? அவங்க பேரு அவன் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கட்டும்."

மதியத்துக்குள் செய்தி வந்தது. விறகைச் சும்மா தர மறுத்தார் என்று சிப்பாய்கள் தூவின் வயிற்றைக் கிழித்துக் குடலைச் சரித்துப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் இரண்டாமவன் மல்லாந்திருந்தான். பட்டறை முதலாளி ஷென்னின் முகம். அவர் அடிப்பாகத்து எழுத்தைப் பார்த்துவிட்டு, தன் தலை தப்பினால் போதும் என்று தளபதியிடம் சொல்ல முகாமுக்கு ஓடியிருந்தார். தலையை மட்டும் ஒரு கூடையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். கூடையைக் கொண்டுவந்த சிப்பாய்களே ஹான்ஷெங்கின் கையைக் கட்டினார்கள்.

"சாப்பாட்டுக்கு வந்துடுவேன்," என்றான் அவன். "காரம் தூக்கலா நூடுல்ஸ் பண்ணி வை." குரல் மட்டும் அவனுடையதாக இல்லை.

கூய்லான் ஜாடியின் முன் உட்கார்ந்தாள். உடைத்துவிடலாம்தான். ஆனால் உடைத்தால் அவனும் சேர்ந்து உடைந்துபோவானோ என்று விட்டுவிட்டாள். ஓட்டின் மேல் மழை, ஆற்றோரத்தில் மண் இடிக்கிற உலக்கைகளின் ஓயாத சத்தம், வண்ணம் குழைக்கிற எண்ணெயின் காட்டமான வாசனை, அதற்கும் அடியில் கூரையும் தானியமும் மயிரும் சேர்ந்து கருகுகிற இன்னொரு வாசனை. அது ஜாடியின் வாயிலிருந்துதான் வருகிறது என்று அவள் கண்டுகொண்ட நேரத்தில், மூன்றாமவனின் பின்னந்தலை மட்டும் தெரிந்த இடத்தில் ஒரு காது தெரிந்தது.

இமைத்தாள். கன்னம்.

இமைக்காமல் பார்த்தால் அசையவில்லை. கண் எரிந்தது. நீர் வழிந்தது. இமைத்துவிட்டாள்.

மூக்கு. இடது புருவத்தில் தழும்பு.

ஹான்ஷெங்.

வாய் இன்னும் வரவில்லை. மற்ற இருவரும் முகம் முழுதாக வந்த பிறகுதானே செத்தார்கள்? முகமே இல்லாதவனைச் சாவு எப்படி அடையாளம் காணும்? சரியாக வராத முகங்களை அவள் எத்தனை தடவை அழித்திருக்கிறாள்!

சாணைக்கல்லை எடுத்தாள். தேய்த்தாள்.

புருவம் போயிற்று. பொடி வெள்ளையாக உதிர்ந்தது. பிறகு சிவப்பாக. பிறகு ஈரமாக. கல் வழுக்கியது. சட்டைக் கையால் துடைத்துவிட்டுத் தேய்த்தாள். உள்ளே எங்கோ எலும்பு அரைபடுகிற சத்தம். நிறுத்தவில்லை. மூக்கு போயிற்று. கண்கள் கடைசியில்தான் போயின. அதுவரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெறும் வெள்ளை.

"பொழைச்சுக்கிட்டீங்க," என்று விசும்பினாள்.

சந்தில் யாரோ அலறினார்கள். எட்டிப் பார்த்தாள். இரண்டு சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். சுவரைத் தடவித் தடவி ஹான்ஷெங் உள்ளே வந்தான்.

உயிரோடுதான் வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். காதுகள் இருந்தன. அவற்றுக்கு நடுவே வழவழவென்று வெள்ளை, ஓரங்களில் பிய்ந்து தொங்கும் தோல். மூச்சுக்கு வழி தேடி மார்பு விம்மி விம்மித் தணிந்தது.

அவள் கையைத் தேடிப் பிடித்தான். விரல்களைப் பிரித்துக் கல்லைப் பிடுங்கி எறிந்தான். மேசையைத் துழாவி, ஒரு தூரிகையை எடுத்து அவள் கையில் திணித்தான். முன்னால் மண்டியிட்டு, அந்த வெள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்கு ஏந்திக் காட்டினான்.

வாயை முதலில் வரைந்தாள். அது ரத்த ஈரத்தில் கலங்கி, அவன் கழுத்து வழியே ஒழுகியது.