தோலுரிந்த கட்டைவிரல்

டாக்டர் செத்துப்போயிருந்தார்!

மருந்து அறையின் தரையில் குப்புறக் கிடந்தார். பக்கத்தில் மருந்து அரைக்கும் கல் குழவி. அதற்கும் பக்கத்தில் கம்பவுண்டர் நின்றிருந்தான்.

தோல் வியாதிக்குப் பெயர்போன கிளினிக் அது. கம்பவுண்டருக்கு அங்கே 'கைராசி' என்று பட்டப்பெயர். ஒரு மாதமானாலும் உதிராத மரு, அவன் கலக்கிய மருந்தைத் தடவினால் நாலே நாளில் உதிர்ந்துவிடும்!

காரணம் ராசி இல்லை. ஆசிட்.

ஐந்து நிமிடம் முன்பு டாக்டர் போட்ட சத்தம் இன்னும் அவன் காதில் இருந்தது.

"பதினேழு பர்சென்ட்னு எழுதிக் கொடுத்தா நாற்பது ஊத்தியிருக்கே! டீச்சரம்மா விரல்ல தோலே இல்லைய்யா... சாக்பீஸ் பிடிக்க முடியாம அழறாங்க!"

"சீக்கிரம் உதிரட்டுமேன்னுதான் சார்..."

"சதையும் சேர்ந்து உதிருது! நேத்து ராத்திரி நானே போட்டுப் பார்த்தேன். இதோ பாரு..."

டாக்டர் கையுறையைக் கழற்றப் போனார்.

"உன்னைச் சும்மா விடமாட்டேன். போலீஸுக்கு..."

அவ்வளவுதான். குழவி இறங்கிவிட்டது.

'பதறாதேடா...' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான் கைராசி. தன் விரல்களைப் பார்த்தான். பதினைந்து வருஷமாகக் கையுறை போடாமல் ஆசிட் கலக்கிய விரல்கள். வழித்துவிட்டாற்போல மழமழவென்று இருந்தன. குழவியில் ரேகை என்று எதுவும் சிக்காது! பின்வாசல் வழியாக நழுவிவிட்டால் போதும்.

அறைக் கதவுக்கு ஓடினான்.

நின்றான்!

மருந்து காணாமல் போகிறதென்று போன மாதம்தான் ரேகைப் பூட்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே வரவும் வலது கட்டைவிரல், வெளியே போகவும் வலது கட்டைவிரல். டாக்டருக்கும் நர்ஸுக்கும் மட்டும்தான் அது திறக்கும். ரேகையே இல்லாத இவன் விரலைப் பதிந்துகொள்ள அது ஒருநாளும் சம்மதித்ததில்லை. இன்றைக்குக் கூட நர்ஸ்தான் திறந்துவிட்டு சாப்பிடப் போனாள்.

சும்மா வைத்துப் பார்த்தான்.

"மீண்டும் முயலவும்" என்று கொஞ்சியது பூட்டு.

ஜன்னல் கிடையாது. வேறு வழியும் கிடையாது.

ட்ர்ர்ரிங்...! சுவர் போன் அலறியது. எடுத்தான்.

"அண்ணே, டாக்டர் இன்னும் அங்கேதானே இருக்காரு?" நர்ஸ்.

"இ... இருக்காரும்மா. முக்கியமான வேலை."

"இன்ஸ்பெக்டர் வந்திருக்காருண்ணே. டாக்டர் காலையிலேயே போன் பண்ணி வரச் சொன்னாராம்."

காலையிலேயே!

"வந்து கதவைத் திறக்கட்டுமா?"

"வேண்டாம்மா! ரெண்டே நிமிஷம்... நாங்களே வர்றோம்!"

போனை வைத்தான். டாக்டரைப் பார்த்தான். சட்டென்று மூளை வேலை செய்தது.

டாக்டரின் கட்டைவிரல்!

அக்குளில் கை கொடுத்துத் தரதரவென்று கதவடிக்கு இழுத்தான். கையுறையை உருவினான்.

கட்டைவிரலில் பெரிய கட்டு!

பிய்த்து எறிந்தான். உள்ளே வெந்து வெளுத்துத் தோலுரிந்த விரல். அழுத்தினான்.

"மீண்டும் முயலவும்."

"முருகா... திறடி!"

"மீண்டும் முயலவும்."

இப்போதுதான் உறைத்தது. டாக்டர் நேற்று போட்டுப் பார்த்தது இந்த விரலில். அதனால்தான் இன்றைக்குக் கதவைத் திறக்க நர்ஸைக் கூப்பிட்டார். அந்த விரலைத் தின்றது இவன் கலக்கிய நாற்பது பர்சென்ட்!

அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அழுகை வந்தது.

வெளியே பூட்ஸ் சத்தம்... 'டிக்' என்று ஓர் ஒலி...

"நன்றி" என்றது பூட்டு.

கதவு திறந்தது. நர்ஸ் வீறிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர்.

"நான் இல்லை சார்!" எழுந்து கையை நீட்டினான் கைராசி. "அந்தக் குழவியில என் ரேகை இருக்கான்னு பாருங்க சார்!"

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்த கட்டைப் பார்த்தார். டாக்டரின் விரலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். பிறகு அவன் மழமழ விரல்களைத் திருப்பிப் பார்த்துவிட்டு விலங்கை மாட்டினார்.

"ரேகை எதுக்குய்யா? அது மட்டும் இருந்திருந்தா நீ இந்நேரம் பஸ் ஏறியிருப்பே!"