எழுதியவர்: பட்டாணி

வகுப்பிலேயே சிறியவள் என்பதால் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். ஆனால் விசைப்பலகையில் அவள் விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்துப் பெரியவர்களே வாயைப் பிளப்பார்கள். அதனால்தான் வகுப்பின் முப்பத்தொரு கதைகளையும் கணினியில் ஏற்றும் வேலையை டீச்சர் அவளிடம் கொடுத்தார்.

ஒரு கதைக்கு ஒரு கோப்பு. வெறும் எழுத்துகள்தான், தலைப்புக்கு முன்னால் மட்டும் # என்று ஒரு குறி. மற்றதைப் பள்ளிக் கணினி பார்த்துக்கொள்ளும். கோப்புகளை அழகான பக்கங்களாக மாற்றி இணையத்தில் வைத்துவிடும். விதிகளை ஒரு தாளில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பாதித் தாள் படித்ததுமே பட்டாணி தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் காலை வகுப்பே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"என் புலிக்கதைய எழுதினது நீயா?"

"என் விண்கலத்துக்கும் உன் பேருதான் போட்டிருக்கு!"

"முப்பத்தொண்ணையும் முழுங்கிட்டு எப்படி நிக்கிறா பாருங்க!" என்று பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினாள் ஸ்பீக்கர். அவள் கத்தினால் மூன்றாவது வகுப்பறைவரை கேட்கும்.

பட்டாணி நூலகத்துக்கு ஓடினாள். உண்மைதான். எந்தக் கதையைத் திறந்தாலும் 'எழுதியவர்' என்ற இடத்தில் அவள் பெயர். சுவரில் இருந்த தாளின் மீதிப் பாதியை இப்போதுதான் படித்தாள்.

'கோப்பின் முதல் வரியில் மூன்று சிறு கோடுகள் போடவும். கீழே தலைப்பு, எழுதியவர், தேதி. மறுபடி மூன்று கோடுகள். அதன் பிறகே கதை. எழுதியவர் பெயர் இல்லாவிட்டால், தட்டியவர் பெயரைக் கணினி எடுத்துக்கொள்ளும்.'

"நூலக அக்கா, மானம் போச்சு!"

"போனா திரும்பி வரும். ஆனா சீக்கிரம் திருத்து. மத்தியானம் வானொலிக்காரம்மா வராங்க. ஒரு கதைய வாசிச்சு, எழுதினவங்ககிட்ட பேசப் போறாங்க."

"எந்தக் கதை?"

"'உஷ்'. நீ எழுதினதுன்னு நெனச்சு ரொம்பப் பாராட்டினாங்க."

பட்டாணிக்கு அந்தக் கதை நன்றாக நினைவிருந்தது. பிறந்து பத்து நாளான தம்பி தூங்குகிறான். அவன் அக்கா, கதவிடம், வாளியிடம், குழாயில் சொட்டும் தண்ணீரிடம் எல்லாம் 'உஷ்' சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருகிறாள். அவ்வளவுதான் கதை. முப்பத்தொன்றில் பட்டாணிக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

டீச்சரிடம் கதைத் தாள்களை வாங்கிவந்து உட்கார்ந்தாள். முதல் கோப்பில் கோடுகளையும் விவரங்களையும் சேர்த்தாள். ஆனால் அவை கதைக்குள்ளேயே அச்சாகி நின்றன. புலிக்கு முன்னால் தேதி வந்து நின்றது. ஏன்? உற்றுப் பார்த்தாள். கோடுகளுக்கு மேலே ஒரு வெற்று வரி விட்டிருந்தாள். அதை அழித்ததும் எல்லாம் தத்தம் இடத்துக்குப் போய்விட்டன.

பிறகு விரல்கள் பறந்தன. புலி, விண்கலம், தன்னுடைய பூனை என்று முப்பது கதைகள் முடிந்தன.

'உஷ்' தாளில் மட்டும் பெயர் இல்லை.

வருகைப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக அடித்தாள். ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. ஸ்பீக்கர்!

நம்ப முடியவில்லை. ஆனால் யோசித்தாள். காலையில் எல்லோருக்காகவும் சண்டை போட்டவள், தன் கதை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்கவே இல்லையே.

தண்ணீர்க் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"'உஷ்' உன்னோடதுதானே?"

ஸ்பீக்கர் சுற்றுமுற்றும் பார்த்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதே. என் பேரு போடாதே. விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"போடலைன்னா என் பேரு வந்துடும். அது பொய்டி."

"வந்துட்டுப் போகட்டும். உனக்கு என்ன கஷ்டம்?"

பட்டாணி தன் விரல்களைப் பார்த்தாள்.

"நான் எல்லாத்தையும் படபடன்னு தட்டுவேன், உனக்கே தெரியும். உன் கதைய மட்டும் மெதுவா தட்டினேன்."

"ஏன்?"

"தம்பி முழிச்சுட்டான்னா?"

ஸ்பீக்கர் குழாயைத் திறந்தாள், மூடினாள். முகத்தைக் கழுவாமலே துடைத்துக்கொண்டாள்.

"அவன் நிஜமாவே முழிச்சுப்பான். ஒரு ஊசி விழுந்தா போதும்," என்றாள். பிறகு, "முதலெழுத்தையும் சேர்த்துப் போடு," என்றாள்.

பட்டாணி ஓடிப்போய்ப் போட்டாள். மூன்று கோடு, தலைப்பு, எழுதியவர், தேதி, மூன்று கோடு. சாப்பாட்டு மணி அடிக்கும்போது 'உஷ்' சரியான பெயரோடு திரையில் இருந்தது.

மதியம் வானொலிக்காரம்மா கதையை வாசித்தார். வகுப்பில் ஒரு பேனாகூட உருளவில்லை. முடித்துவிட்டுத் திரையைப் பார்த்து எழுதியவர் பெயரைப் படித்தார். முப்பது தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை. புலிக்கதைக்காரன்தான் முதலில் கைதட்டினான்.

"யாரும்மா அது?"

ஸ்பீக்கர் எழுந்தாள். காதுவரை சிவந்திருந்தாள். உதடு அசைந்தது.

வானொலிக்காரம்மா காதருகே கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றார்.

அவளிடம் யாரும் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.